கியர் லீவரைக் குட்டையாக்கும் முன்

டெட்ராய்ட்

அன்புள்ள தம்பிக்கு,

 

நீ 1995 மியாட்டா வாங்கிவிட்டாய் என்று அம்மா சொன்னதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கியர் போட்டு ஓட்டுகிற கார்தான் வேண்டும் என்று தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் குறைந்துவிட்ட காலம் இது. ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

ஷார்ட் ஷிஃப்டர் கியர்பாக்ஸுக்குள் எதையும் மாற்றுவதில்லை. மாறுவது லீவரின் கணக்கு மட்டும்தான். லீவர் ஒரு பந்து மூட்டில் நிற்கிறது. மூட்டுக்கு மேலே உன் கை, கீழே கியரைத் தள்ளும் தண்டு. கடப்பாரையால் கல்லை நெம்புகிற அதே கணக்குதான் இங்கேயும். மேலே 200 மி.மீ., கீழே 40 மி.மீ. என்று வைத்துக்கொள். தண்டு 10 மி.மீ. நகர வேண்டுமென்றால் உன் கை 50 மி.மீ. போக வேண்டும். கீழ்ப்பகுதியை 50 மி.மீ. ஆக நீட்டினால் கை 40 மி.மீ. போனால் போதும். தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, ஆனால் கை கொடுக்க வேண்டிய அழுத்தம் கால் பங்கு கூடிவிட்டது.

கியர் எவ்வளவு சீக்கிரம் விழும் என்பது சிங்க்ரோ வளையத்தின் கையில்தான் இருக்கிறது. அந்தப் பித்தளை வளையம் சுழலும் பல்சக்கரத்தின் கூம்பில் உரசி, இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துகிறது. அதன்பிறகுதான் பற்கள் கோத்துக்கொள்ளும். லீவர் குட்டையானதால் அந்த வளையம் வேகமாக வேலை செய்துவிடாது. அவசரப்பட்டு இழுத்தால் தேய்வதும் அதுதான். சிகாகோ குளிரில், எண்ணெய் கெட்டியாக இருக்கும் காலை நேரத்தில் இரண்டாவது கியர் ஏற்கெனவே முரண்டு பிடிக்கும். குட்டை லீவரோடு அது இன்னும் கடினமாகத் தெரியும்.

உன் வண்டி வேறு ரகம் என்பதையும் யோசி. உன் ஊரான சிகாகோவின் ஆட்டோ ஷோவில்தான் 1989 பிப்ரவரியில் அது உலகுக்கு அறிமுகமானது. தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு, குதிரையும் அதில் அமர்ந்தவனும் ஒன்றாக இயங்குவதுபோல் காரும் ஓட்டுநரும் இயங்க வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்து அதை உருவாக்கியது. பல கார்களில் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நீண்ட கேபிள்கள் ஓடும். மியாட்டாவில் அது கிடையாது. லீவர் நேராகக் கியர்பாக்ஸின் மேலேயே இறங்கி நிற்கிறது. பிறவியிலேயே அதன் வீச்சு குட்டை. பி.எம்.டபிள்யூ இ36 வைத்திருப்பவர்கள் வீச்சைக் குறைக்க இசட்3 லீவரைத் தேடி வாங்கிப் போடுவதில் நியாயம் உண்டு. உனக்கு அந்த அவசியம் இல்லை.

நீ சொன்ன குறைகள் இரண்டு: நியூட்ரலில் லீவர் தொளதொளவென்று ஆடுகிறது, கியர் எங்கே விழுந்தது என்று கைக்குத் தெரியவில்லை. இரண்டுமே தேய்மானத்தின் அடையாளம். மியாட்டாவில் லீவரின் அடி தனியாக ஒரு சிறு எண்ணெய்க் குழிக்குள் இருக்கிறது. கியர்பாக்ஸில் எண்ணெய் மாற்றினாலும் இந்தக் குழியில் பழைய எண்ணெயே தங்கிவிடும். என் பழைய மியாட்டாவில் லீவரைக் கழற்றி மேலே தூக்கியபோது, அடிக்குமிழில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கிண்ணம் விரல் பட்டதும் பழுப்புத் துகள்களாக உதிர்ந்தது. உள்ளிருந்த ரப்பர் உறை சுற்றிலும் கிழிந்து கிடந்தது. குழியில் எண்ணெய் என்று பெயருக்குக் கொஞ்சம் கறுப்புச் சேறு. புதிய கிண்ணம், புதிய உறைகள் போட்டு, சிரிஞ்சால் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 எண்ணெய் ஊற்றினேன். லீவர் ஒவ்வொரு கியரிலும் 'டக்'கென்று போய் உட்கார்ந்தது. உறை சரியானதால் காலடியில் வந்த சூடும் இரைச்சலும் நின்றன.

அதற்கும் முன்னால் கிளட்சைப் பார். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார், பிறகு ஓடவிட்டுப் பார். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது முரண்டு பிடித்தால், ரிவர்ஸில் கரகரத்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். இந்தக் காரில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது சகஜம். கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றிவிடலாம். அதைக் கவனிக்காமல் எந்த ஷிஃப்டர் போட்டாலும் சிங்க்ரோதான் அடி வாங்கும்.

இவ்வளவும் செய்த பிறகு, கொஞ்ச நாள் ஓட்டு. அப்போதும் வீச்சு குறைந்தால் நன்றாக இருக்கும் என்று மனசுக்குப் பட்டால் தாராளமாக வாங்கு. ஓட்டுகிற சுகம் சின்ன விஷயமில்லை, அதற்குச் செலவழிப்பது வீணுமில்லை. ஒன்றை மட்டும் கவனி: கம்பெனி லீவரின் நடுவே அதிர்வைத் தடுக்க ரப்பர் இருக்கும். முழுதும் உலோகமான லீவர் கியர்பாக்ஸின் நடுக்கத்தையெல்லாம் உள்ளங்கைக்குக் கொண்டுவந்துவிடும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போக முடியுமா என்று, ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஒருவரின் காரை ஓட்டிப் பார்த்து முடிவு செய். வீச்சை மிக அதிகமாகக் குறைப்பதாகச் சொல்வதை எடுக்காதே. மிதமாகக் குறைப்பதே தினமும் ஓட்டும் காருக்கு நல்லது.

முதலில் கிளட்ச், அடுத்து கிண்ணமும் உறையும் எண்ணெயும், கடைசியாகத்தான் ஷார்ட் ஷிஃப்டர். இந்த வரிசையை மட்டும் மாற்றாதே.

அன்புடன்,
அக்கா