மலையடிவாரத்து வெயில்



மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் நீங்கள் பயணம் செய்திருந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வரை மேற்கே மலைத்தொடர் உடன் வருவதைக் கண்டிருப்பீர்கள். இத்தனை அருகில் மலையிருந்தும் இவ்வூர்களில் வெயில் ஏன் சுடுகிறது? தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மறுபுறம் பொழிந்துவிட்டு, இப்புறம் இறங்கும்போது வறண்டு சூடேறுகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையையே இப்பகுதி பெரிதும் நம்பியிருக்கிறது.

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். எனவே வானிலை ஆய்வுத் துறை சமவெளிக்கும் மலைக்கும் வெவ்வேறு அளவுகோல்களை வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரியையும் மலையில் 30 டிகிரியையும் எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்தால் அது வெப்ப அலை. 2024 ஏப்ரல் 29 அன்று உதகமண்டலத்தில் 29 டிகிரி பதிவாயிற்று, வழக்கத்தைவிட 5.4 டிகிரி அதிகம். ஆயினும் 30 என்ற எல்லையை அது தொடவில்லை. சமவெளியில் வாழும் நமக்கு 29 டிகிரி இதமான பொழுது. குளிருக்குப் பழகிய மலை உயிர்களுக்கோ அது கடுங்கோடை அல்லவா?

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி உயர்ந்துள்ளதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. சராசரியில் இது சிறு உயர்வுதான். ஆனால் அதன் விளைவாகக் கடும் வெயில் நாட்கள் பெருகுகின்றன. இரவுகளும் பழைய குளிர்ச்சியை இழக்கின்றன. வெப்பம் மிகும்போது சமவெளியினர் மலையேறி இளைப்பாறலாம். மலையுச்சியில் வாழும் உயிர்கள் அதற்கும் மேலே எங்கே செல்லும்?

ஸ்ரீவில்லிபுத்தூரின் மலைக்காடுகளில் கிளைக்குக் கிளை தாவி வாழும் சாம்பல் நிற அணிலைக் காக்க 1988இல் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் அது மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அங்கே காக்கப்படுபவை அணிலும் புலியும் மட்டுமல்ல. வைகைக்கு நீர் தருவதும் அம்மலைகளே. இராஜபாளையத்திற்குக் குடிநீர் வழங்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை நிறைப்பதும் மலையிலிருந்து இறங்கும் நீரே. மேலே காடு காய்ந்தால் கீழே குடம் காயும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை இவ்வூர்களுக்கு வரும்போது பால்கோவா வாங்கியதோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அம்மலையைக் காட்டி, நாம் அருந்தும் நீரின் வழியைச் சொல்லுங்கள். அடிவாரம் வரை சென்றால் காட்டில் நெருப்பு மூட்டாமலும் குப்பை எறியாமலும் திரும்புங்கள். மலையின் குளிர்ச்சியைக் காப்பது நம் வீட்டுத் தண்ணீரைக் காப்பதேயாகும்.