உறுமாத நாய்

லீவுக்கு வீட்டுக்குப் போனா உங்களை முதல்ல வரவேற்கிறது யாரு? எனக்குக் கருப்பன். தெருமுனையில என் வாசம் பட்டாலே கேட்டுல ஏறி நிப்பான். ஆனா சோத்துத் தட்டுல வாய் வெச்சுட்டா அவன் வேற நாய்.

ஃபர்ஸ்ட் இயர் லீவுல அவன் சாப்பிடும்போது பக்கத்துல போனேன். உறுமினான். "என்னையே உறுமுறியா?"ன்னு செருப்பால ரெண்டு போட்டேன். மறுநாளும் அதே கதை. ஒரே வாரத்துல உறுமுறதை நிறுத்திட்டான். நாயைத் திருத்திட்டேன்னு ஹாஸ்டல்ல பெருமை வேற அடிச்சேன்!

அடுத்த பொங்கலுக்கு வீட்ல இருந்தேன். அம்மா தட்டை எடுக்கக் குனிஞ்சாங்க. சத்தமே இல்ல, நேரா கடி. முன்கையில ரெண்டு பல் ஆழமா இறங்கிடுச்சு. சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவினோம். (மஞ்சத்தூளோட ஓடிவந்த பக்கத்து வீட்டு ஆச்சியைத் தடுக்கிறதுதான் பெரும்பாடு.) ஜி.ஹெச்.ல காயத்தைச் சுத்தி ஒரு ஊசி, அப்புறம் 0, 3, 7, 28ஆம் நாள்னு தடுப்பூசி. போற வழியெல்லாம் அம்மா ஒண்ணையே சொன்னாங்க: "ஒரு சத்தம்கூட போடலையேடா."

கால்நடை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உறுமினப்ப யாராவது அடிச்சீங்களா?"

உறுமல்னா 'இதுக்கு மேல வராதே'ன்னு அது சொல்ற எச்சரிக்கையாம். அடிச்சா பயம் உள்ளேயே இருக்கும், சத்தம் மட்டும் போயிடும். நம்ம பாஷையில சொன்னா, ஃபயர் அலாரம் கத்துதுன்னு வயரைப் பிடுங்கின கதை. பிடுங்கினவன் நான், கடி வாங்கினது அம்மா.

மாமா, "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க"ன்னார். அம்மா ஒத்துக்கல.

இப்ப அவனுக்குச் சோறு பின்கட்டுல, கதவைச் சாத்திட்டுத்தான். அவன் சாப்பிட்டு வெளிய போனப்புறம்தான் தட்டை எடுப்போம். அக்கா பையன் வந்தா கருப்பன் தனி ரூம்ல. லீவுல நான் தூரத்துல நின்னு தட்டுப் பக்கம் ஒரு கோழித்துண்டை வீசிட்டு, நிக்காம திரும்பி வந்துடுவேன். ஆள் வந்தா சோறு போகாது, கூடத்தான் கிடைக்கும்னு அவனுக்குப் புரியணும். முதல்ல பத்தடி, இப்ப ஆறடி. செமஸ்டர் நடுவுல அம்மாதான் செய்றாங்க. அவங்க இன்னும் பத்தடியிலதான்.

போன வாரம் போன் பண்ணினாங்க. குரல்ல அவ்வளவு சந்தோஷம்.

"இன்னைக்குக் கொஞ்சம் கிட்ட போயிட்டேன்டா. உறுமினான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பின்னால வந்துட்டேன்."