ஒற்றைச் செவி

கருவிகளைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். நான் இசைவாணன் அல்லன். ஏற்காட்டை அடுத்த கிளியூரில் காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கிச் சேலம் லீ பஜாருக்கு அனுப்பிப் பிழைத்த ஒரு குடும்பத்தின் இளைய மகன். ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மின்கித்தாரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவன். அந்தக் கித்தாரின் மார்பில் ஒரு குழியைத் தோண்டலாமா, கூடாதா என்ற வழக்கு அண்மையில் என் முன்னே வந்தது. அந்த வழக்கின் கதையே இது.

மின்கித்தாருக்கு உயிர் கொடுப்பது ‘பிக்கப்’ என்னும் சிறு உறுப்பு. ஒரு காந்தம், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. அவ்வளவுதான். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. கலையும் புலம் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது. 1831ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த உண்மை இது. மரத்தின் ஓசையை அன்று, தந்தியின் துடிப்பையே நேராகக் கேட்கும் செவி அது. பெரும்பாலான கித்தார்களுக்கு இத்தகைய செவிகள் இரண்டோ மூன்றோ உண்டு. எங்கள் வீட்டுக் கித்தாருக்கு ஒன்றே ஒன்று.

1979ல் என் அண்ணன் அதனை வாங்கி வந்தார். சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துவந்த ஒருவர், மூன்று பிக்கப் கொண்ட புதிய கித்தார் வாங்குவதற்காகப் பழையதைக் கழித்துவிட்டார். சிவந்த மரப்பலகை; குதிரைக்கு அருகே ஒரு பிக்கப்; ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், கூர்மையை மழுக்க ஒரு குமிழ். வேறு எதுவும் இல்லை. ஒலிபெருக்கி வாங்கப் பணம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்த பழைய வால்வு ரேடியோவின் முதுகில், கிராமபோன் பெட்டியின் பிக்கப்பை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் இருந்தன. அண்ணன் கித்தாரின் கம்பியை அதில் சொருகினார். செய்தி மட்டுமே சொல்லிப் பழகிய ரேடியோ அன்று பாடிற்று.

அத்தா மார்க்கப்பற்று மிக்கவர். ஐவேளைத் தொழுகையில் ஒன்றும் தவறாதவர். தந்திக் கருவிகள் ஆகுமா, ஆகாதா என்பதில் உலமாக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் ‘இஹ்யா’வில் இசை கேட்பதைப் பற்றித் தனியொரு பகுதியே எழுதினார்கள். தத்துவ மேதை அல் ஃபாராபி இசையைப் பற்றிப் பெருநூல் இயற்றினார். 822ல் ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாவுக்குச் சென்ற ஸிர்யாப் ‘ஊது’ என்னும் அரபு நாட்டுத் தந்திக் கருவியை அங்கே புகழ் பெறச் செய்தார். ‘அல் ஊது’ என்ற அந்தப் பெயரே ஐரோப்பாவில் ‘லூட்’ ஆயிற்று. இவை எல்லாம் நான் பிற்காலத்தில் படித்தறிந்தவை. அத்தா எந்த நூலையும் எடுத்துக் காட்டவில்லை. “தொழுகை நேரத்தில் அது வாய் திறக்கக் கூடாது; அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது” என்று இரண்டு நிபந்தனை மட்டும் விதித்தார்.

இரண்டாவது நிபந்தனையே அண்ணனுக்கு ஆசானாயிற்று. உள்ளீடற்ற பெட்டி இல்லாத மின்கித்தார், மின்சாரம் இன்றி வாசித்தால் கொசுவின் ரீங்காரம் போலத்தான் ஒலிக்கும். இஷாவுக்குப் பின் ரேடியோவை அணைத்துவிட்டு, காதைப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மீட்டுவார். மாற்றுவதற்கு விசை இல்லை. ஆகவே கையை மாற்றினார். குதிரையை ஒட்டி மீட்டினால் ஓசை கூர்மையாகிறது. கழுத்தை நோக்கிக் கை நகர நகரக் குழைந்து கனிகிறது. விரல் நுனியின் சதையால் தொட்டால் ஒரு குரல்; நகத்தால் தெறித்தால் வேறொரு குரல். வீணை வாசிப்பவர் எந்த விசையைத் திருகுகிறார்? விரலைத்தானே நம்புகிறார்!

கிளியூர் அருவியைக் கண்டவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து அங்கே விழுகிறது. மழைக்காலத்தில் தொலைவிலிருந்து கேட்டால் ஆழ்ந்த முழக்கம் மட்டுமே எட்டும். படியிறங்கி நெருங்க நெருங்க, பாறையில் நீர் சிதறும் நுண்ணொலிகள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து கேட்கும். அருவி ஒன்றுதான், நாம்தான் நடந்து போகவேண்டும். “இந்தக் கித்தாரிலும் நாமே நடக்கவேண்டும், தம்பி, அது நம்மிடம் வராது” என்று அண்ணன் சொன்னது இன்றும் என் செவியில் இருக்கிறது.

ஒற்றைப் பிக்கப் ஏழ்மையின் அடையாளம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் பூஷாம் என்பவர் 1931ல் உருவாக்கி, ரிக்கன்பாக்கருடன் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மின்கித்தாருக்கு ஒரே பிக்கப்தான். வட்டமான உடலும் நீண்ட காம்பும் கொண்டிருந்ததால் அதற்கு ‘வாணலி’ என்றே பெயர் வந்தது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கித்தார் அது. அந்த ஹவாய் கித்தார் நம் நாட்டில், சிறப்பாகக் கல்கத்தாவில், வேரூன்றியது. வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா அதில் பெயர் பெற்றவர். 1936ல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட கித்தாருக்கும் பிக்கப் ஒன்றே. அதனைக் கொண்டுதான் சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் ஜாஸ் இசையில் கித்தாருக்கு முன்வரிசையில் இடம் தேடித் தந்து, 1942ல் தம் 25ஆம் வயதில் மறைந்தார். 1950ல் ஃபெண்டரின் ‘எஸ்கொயர்’ வந்தது. 1954ல் மாணவர்களுக்கென்று மலிவாகக் கிப்சனின் ‘லெஸ் பால் ஜூனியர்’ வந்தது. மாணவர்களுக்கென்று செய்ததைப் பின்னாளில் பெரிய வித்துவான்களே விரும்பித் தேடினார்கள். 1978ல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலேயே உலகை வியக்கவைத்த எட்டி வேன் ஹேலன், ஒரு பிக்கப்பும் ஒரு குமிழும் போதும் என்று தம் கையாலேயே கித்தாரைச் சேர்த்துக் கட்டியவர்.

இதற்கு விஞ்ஞானக் காரணமும் உண்டு. பிக்கப்பின் காந்தம் தந்தியைக் கேட்பதோடு சிறிது இழுக்கவும் செய்கிறது. தந்தி அகலமாய் அதிரும் கழுத்துப் பக்கத்தில் வலிய காந்தம் ஒன்று இருந்தால் அந்த இழுப்பு கூடுதலாகும். அது இல்லாதவிடத்துத் தந்தி இன்னும் சுதந்திரமாய் அதிர்கிறது என்பது பலர் வாதம். காதுக்கு எட்டும் அளவு வேறுபாடு இல்லை என்பாரும் உளர். என் அனுபவம் இன்னும் எளியது. எங்கள் மலையில் ஆண்டில் பல மாதம் பனிமூட்டம் சன்னல் வழியே வீட்டுக்குள் வந்து உட்காரும். ஈரம் பட்ட விசைகளில் களிம்பு ஏறும், திருப்பினால் கரகரக்கும். பல பிக்கப்பும் பல விசையும் கொண்ட கித்தார்களைப் பழுதுபார்க்கச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கியவர்களை நான் அறிவேன். எங்களுடையது இத்தனை ஆண்டுகளில் இருமுறைதான் மலையிறங்கிற்று.

குறைகளை மறைப்பது நேர்மை ஆகாது. ஒற்றைச் சுருள் கொண்ட பிக்கப், வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சியையும் சேர்த்தே கேட்டு ‘உம்’ என்று முனகும். அதனைப் போக்க, எதிரெதிராய்ச் சுற்றிய இரு சுருள்களைச் சேர்த்து சேத் லவர் என்பவர் 1955ல் ஒரு வழி கண்டார். எங்கள் கித்தாரில் அது இல்லை. கழுத்துப் பக்கத்துப் பிக்கப் தரும் இதமான குரலையும், கையை எவ்வளவு நகர்த்தினாலும், முழுமையாய்ப் பெற முடியாது. குதிரையருகே தந்தி சிறிதளவே அசைவதால் அடிச்சுரம் மெலிந்து மேற்சுரங்களே ஓங்கும், அது இயற்கை. ஒன்றை விரும்புகிறவன் மற்றொன்றை இழக்கத்தான் வேண்டும்.

இழந்து பெறுவதும் உண்டு. மாண்டலின் ஸ்ரீநிவாஸை நாம் அறிவோம். 1969ல் பிறந்து 2014ல் மறைந்த அந்த மேதை, இரட்டை இரட்டையாய்த் தந்தி பூட்டிய மேனாட்டு மாண்டலினில் கமகம் இழைவதில்லை என்று கண்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினுக்கு மாறினார். இரண்டு தந்தி நின்ற இடத்தில் ஒன்றாக்கியதால் அல்லவா கர்நாடக இசை அக்கருவிக்குள் நுழைந்தது!

1984ல் அண்ணன் சவூதிக்குச் சபர் போனார். புறப்படுவதற்கு முந்திய இரவு அத்தா அவரை அழைத்து, “ரேடியோவில் போட்டு வாசி. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்” என்றார். ஐந்தாண்டுகளில் அவர் கேட்டு வாசிக்கச் சொன்னது அந்த ஒருமுறைதான். அத்தா தஸ்பீஹை உருட்டியபடி, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். அண்ணன் குமிழை மிகவும் தாழ்த்தி வாசித்தார். மறுநாள் கித்தாரை என்னிடம் ஒப்படைத்து, “பார்த்துக்கொள்” என்றார்.

இரண்டாண்டுக்கொரு முறை வந்தார். மணம் முடித்தார், ஓர் ஆண் குழந்தைக்குத் தந்தையானார். 1996ல் அங்கேயே மௌத்தானார். அங்கேயே அடக்கமும் ஆயிற்று. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பெட்டித் துணியும் சில காகிதங்களும். கித்தார் என் அறைச் சுவரில் இருந்தது. நான் வாரம் ஒருமுறை துடைத்தேன், தந்தி மாற்றினேன், தெரிந்தவரை வாசித்தேன். ஆண்டுகள் செல்லச் செல்ல அது என்னுடையது என்றே மனம் நம்பிவிட்டது.

அண்ணன் மகன் பெங்களூரில் கணினித் துறையில் இருக்கிறான். நன்றாகவே கித்தார் வாசிப்பான். சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு வந்தவன், சுவரிலிருந்து அதனை எடுத்துத் தட்டிப்பார்த்து, “சின்னத்தா, இந்தக் கழுத்துப் பக்கம் குழி தோண்டி இன்னொரு பிக்கப் வைத்தால் அருமையாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்” என்றான்.

எனக்குச் சினம் பொங்கிற்று. எஸ்கொயரில் இரண்டாம் பிக்கப்புக்கு வேண்டிய குழியை மூடித் தகட்டின் அடியிலே ஆலையே வெட்டி வைத்திருக்கும். எங்கள் கித்தாரிலோ மரத்தை அறுத்தே ஆகவேண்டும். மரத்தில் தோண்டிய குழியை எப்படி மூடினாலும் அது குழிதான். அண்ணனின் காது ஒட்டிக் கிடந்த பலகை அல்லவா அது! “தொடக் கூடாது” என்று வாயெடுத்தேன்.

அப்போது மதினி உள்ளிருந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை; கித்தாரைப் பார்த்தார்; மகனைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் ‘பார்த்துக்கொள்’ என்றாரே ஒழிய ‘வைத்துக்கொள்’ என்று சொல்லவில்லை. அது அமானிதம். அவர் விட்டுச்சென்ற பொருளுக்கு மனைவியும் மகனும் வாரிசுகள். இருபத்தேழு, இருபத்தெட்டு ஆண்டுகளாக அதனை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பிறர் பொருளைப் பேணியதால் அது நமதாகிவிடுமா? ஒற்றைப் பிக்கப்பின் சிறப்பைப் பேசுகிறவன், ‘உள்ளது போதும்’ என்ற கனாஅத்தைப் போற்றுகிறவன், தனக்கு உரிமையில்லாத ஒன்றை இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அஸருக்குப் பின் அவனை அழைத்துக்கொண்டு அருவிப் பக்கம் நடந்தேன். கோடை, நீர் நூலாய் இறங்கிற்று. அவனுடைய தகப்பனார் சொன்னதை எல்லாம் சொன்னேன்: கையை நகர்த்துவதை, விரலின் சதையை, ரேடியோவை, அத்தாவின் இரண்டு நிபந்தனைகளை. தந்தையின் முகமே நினைவில்லாத பிள்ளை அவன். அருவியைப் பற்றி அவர் சொன்னதை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னான், சொன்னேன்.

இரவு கித்தாரை உறையிலிட்டு அவன் கையில் கொடுத்தேன். “இது உன் பொருள், உன் அம்மாவின் பொருள். தோண்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தோண்டுவதற்குமுன் ஒரு மாதம், விளக்கை அணைத்துவிட்டு, மின்சாரம் இல்லாமல், பலகையில் காதை வைத்து வாசித்துப் பார்” என்றேன். தலையசைத்தான்.

அவன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது கண்காணிப்பு ஆகிவிடும். என் அறைச் சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைக்கும் துணியை எடுத்துவிட்டு, பிறகு நினைவு வந்து வைத்துவிடுகிறேன். சென்ற வாரம் மதினி தொலைபேசியில் பேசுகையில், வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தவர் இடையே நிறுத்தி, “இவன் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு என்னவோ முணுமுணுவென்று வாசித்துக்கொண்டிருக்கிறான். சத்தமே வெளியே வருவதில்லை” என்றார்.

அல்ஹம்து லில்லாஹ் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.