இளநீரும் ஸியாட்டினும்

மார்ச் 28, 2020
ஊரடங்கால் ஸியாட்டின் வரத்து நின்றுவிட்டது. தக்காளியின் விதையிலைத் துண்டிலிருந்து தளிர் எடுக்க அதிகம் கைகொடுக்கும் வளர்ச்சி ஊக்கி அது. அதற்குப் பதில் இளநீர் என்றால் வெறும் ஒப்பேற்றல் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

மார்ச் 31
திசு வளர்ப்புத் துறையே உட்பொருள் முழுதும் தெரியாத கலவைகளில் தொடங்கியதுதான். 1934இல் பிலிப் வொயிட் தக்காளி வேர்நுனிகளை உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் சாறு கலந்த நீரில் ஓயாமல் வளரவிட்டார். ஈஸ்ட் சாற்றில் தேவைப்பட்டது முக்கியமாகத் தயமின் என்பது பிறகுதான் தெரிந்தது. 1941இல் வான் ஓவர்பீக் ஊமத்தையின் இளங்கருக்களை வளர்க்க இளநீரைச் சேர்த்தார். 1950களில் ஸ்டூவர்ட் கேரட் திசுவுக்கும் அதையே கொடுத்தார். ஸியாட்டின் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது மக்காச்சோளத்திலிருந்து. இளநீரிலும் அது இருப்பது பின்னர் தெரியவந்தது. கலவை வேலை செய்தது. காரணம் பிறகு பிடிபட்டது. இந்த வரிசையை மறந்துவிட்டு இளநீரை அறிவியலுக்குப் புறம்பானது என்று தள்ளுவது சரியல்ல.

ஏப்ரல் 2
தெருவில் இளநீர் வண்டியும் இல்லை.

ஏப்ரல் 9
வலுவான மறுப்பு ஒன்று உண்டு: காய்க்குக் காய், முற்றலுக்கு முற்றல் இளநீரின் சேர்மானம் மாறும். உண்மைதான். ஆனால் அது இளநீரைக் கைவிடக் காரணமல்ல, அளந்து கையாளக் காரணம். ஒரே பருவத்துக் காய்கள் பலவற்றின் நீரை ஒன்றாக்கி, வடிகட்டி, சிறு பங்குகளாக உறையவைத்தால் ஒரு தொகுதி முழுக்க ஒரே நீர். வளர்ப்பு ஊடகத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு போதும். இளநீரில் சர்க்கரையும் இருப்பதால், அதே அளவு சர்க்கரை மட்டும் சேர்த்த ஊடகம் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பலன் எதனால் என்று சொல்லவே முடியாது. துண்டின் வெட்டுவாய் தடித்துப் பச்சைக் கேலஸ் (உருவமற்ற திசுத்திரள்) திரள்வதைப் பார்த்ததும் மனம் துள்ளும். அது தளிரல்ல. குருத்தும் இலையும் தெரியும் மொட்டை மட்டுமே எண்ண வேண்டும்.

ஏப்ரல் 10
‘இயற்கை, ஆகவே தீங்கற்றது’ என்ற பேச்சும் எரிச்சலூட்டுகிறது. தேங்காயில் ஊறியதோ ஆலையில் செய்ததோ, செல்லுக்கு அது அதே ஸியாட்டின் மூலக்கூறு. இளநீருக்கான என் வாதம் அதன் புனிதத்தில் இல்லை. விலையிலும் கைக்கெட்டும் தன்மையிலும் இருக்கிறது.

ஏப்ரல் 19
ஒருவழியாகக் கிடைத்த காய்களிலிருந்து ஒரே இளநீர்த் தொகுதி. ஒரு ரகத்தில் மொட்டு, இன்னொன்றில் கேலஸ் மட்டும். தக்காளியின் மறுவளர்ச்சி ரகத்துக்கு ரகம் வெகுவாக மாறும் என்பது தெரிந்ததே. ஆனாலும் குறை இளநீரிலா, ரகத்திலா? இரண்டு ரகங்களையும் ஸியாட்டினில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவோ இன்னும் வரவில்லை.