லேசர் புரொஜக்டரும் அப்பாவின் இடது கண்ணும்

ரெண்டு மாசமா ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் லேசர் புரொஜக்டர் ஸ்பெக்தான் படிச்சுட்டிருந்தேன். குழப்பம்தான் மிச்சம். சரி, நேர்லயே பாத்துடுவோம்னு போன சனிக்கிழமை ரெண்டு மெஷினைக் கடன் வாங்கிட்டு கூரத்துக்குக் கிளம்பிட்டேன் (காஞ்சிபுரம் பக்கம், கூரத்தாழ்வான் பொறந்த ஊருங்க). ஒண்ணு ஆபீஸ் மீட்டிங் ரூம்ல இருந்தது, மேனேஜர்கிட்ட கெஞ்சி வாங்கினது. இன்னொண்ணு நண்பனோட டப்பா சைஸ் ட்ரிபிள் லேசர்.

ஜட்ஜ் எங்கப்பா. சின்ன வயசுல டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். கார்பன் குச்சி ரெண்டும் எரிய எரிய நகர்த்திக்கிட்டே இருக்கணுமாம். கொஞ்சம் அசந்தா திரை மங்கிடும், கீழேருந்து விசில் பறக்கும். வெளிச்சத்தப் பத்தி அவர்கிட்ட கதை விட முடியாது.

சுண்ணாம்பு அடிச்ச பின்பக்கச் சுவர்தான் ஸ்கிரீன். ஆபீஸ் மெஷின்ல இருக்கிறது நீல லேசர் மட்டும். அது பாஸ்பர் சக்கரத்துல பட்டு மஞ்சளாகி, அதுலேருந்து சிவப்பும் பச்சையும் பிரியும். ட்யூப்லைட் எரியறப்பவே எக்செல் ஷீட் பளிச்னு தெரிஞ்சது. ஆனா படம் போட்டா கறுப்பெல்லாம் சாம்பல். நண்பனோடதுல மூணு நிறத்துக்கும் தனித்தனி லேசர். இருட்டுல கலர் அள்ளுது. உத்துப் பாத்தா பொடிப்பொடியா ஒரு மினுமினுப்பு. லைட்டப் போட்டா ஆள் காலி.

நடுவுல கரண்ட் போய் வந்துச்சு. பழைய லேம்ப் மெஷின்னா சூடு ஆறினப்புறம்தான் மறுபடி போட முடியும். இது உடனே எரிஞ்சது.

"இன்னாடா இது, குச்சி மாத்தற வேலையே இல்லியா?"ன்னார்.

அப்புறம்தான் வம்பே. "மஞ்சள் அடிக்குதுடா"ன்னார், துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டே. மெனுக்குள்ள போய் கலர் டெம்பரேச்சரைத் தேடிட்டிருந்தேன். "ஆங், இப்ப சரியாயிடுச்சு". நான் இன்னும் எதையும் தொடவே இல்ல! அடுத்த மெஷின்லயும் இதே கூத்து.

வலது கண்ணுல போன வருஷம் புரை ஆபரேஷன் ஆச்சு. இடது கண்ணுக்கு மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிக்கிட்டே வந்தார். அம்மா அழுதும் பாத்தாச்சு. புரை விழுந்த லென்ஸ் பழுத்துப் போய் நீலத்தை வடிகட்டிடும். மாத்தின கண்ணுக்கு அந்த நீலம் தெரியும். இதை அவர்கிட்ட சொன்னேன்.

"வெறும் வெள்ளையப் போடு"ன்னார். காலி ஸ்லைடு ஒண்ணு போட்டேன். ஒவ்வொரு கண்ணா மாத்தி மாத்தி மூடிப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். நானும் ஒண்ணும் பேசல.

"இந்தக் கண்ணுல இவ்ளோ போயிடுச்சா? திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுப்பா."

அடுத்த மாசம் ஆபரேஷன். ஆபீஸுக்கு முதல் மெஷின்தான், அதுல சந்தேகமில்ல. வீட்டுக்கு எதுங்கறதை ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு சொல்றேன்னிருக்கார்.

டிஸ்கி: பெட்டி மேல வெறும் லூமன்ஸ்னு போட்டிருந்தா நம்பாதீங்க மக்கா, ஆன்சி இல்லன்னா ஐஎஸ்ஓ லூமன்ஸ் எவ்வளவுன்னு கேளுங்க. 20,000 மணி நேரம்னா அதோட அணைஞ்சு போயிடும்னு இல்ல, வெளிச்சம் பாதியாகும்னு கணக்கு.