நெடுந்தீவிற் பழைய வில்லையுடன் ஒரு நாள்

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே மக்கள் வாழும் தீவுகளுள் மிகத் தொலைவிற் கிடப்பது நெடுந்தீவு. பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையூடாகப் புங்குடுதீவையடைந்து, அதன் மேற்குக் கரையிலுள்ள குறிகாட்டுவான் துறையிற் படகேறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற் பயணம். சென்ற விடுமுறையில் ஒருநாட் காலை அப்படகில் யான் அமர்ந்திருந்தேன். என் மடியில் ஒரு துணிப்பை. அதனுள் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு பொருள்கள் ஒன்றாய்ப் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்று 1978 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட ருசிய வில்லை. மற்றது 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த யப்பானிய டிஜிற்றல் கமரா.

வில்லை என் சிறிய தந்தையாருடையது. அவர் இளமையில் ‘ஸெனிற் ஈ’ என்னும் கமராவொன்றை வைத்திருந்தார். 1982 ஆம் ஆண்டில் குடும்பத்தார் எல்லோரும் நெடுந்தீவுக்குச் சென்றபோது, அங்குள்ள பெருக்க மரத்தின் பொந்து வாயிலில் என் அப்பாச்சியை நிறுத்தி ஒரு படம் பிடித்தாராம். அப்பொழுது யான் கைக்குழந்தை. அந்தப் படம் எங்கள் வீட்டு முன் அறையில் நெடுங்காலம் தொங்கியது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறியபோது, படமும் அல்பங்களும் நெகற்றிவ்களும் வீட்டிலேயே நின்றுவிட்டன. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்க்கையில் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. கமராவும் பழுது பார்ப்பதற்காகப் பட்டினத்துக் கடையொன்றிற் கொடுக்கப்பட்டிருந்தபடியால் அதுவும் போயிற்று. கடைக்குக் கொடுக்குமுன் சிறிய தந்தையார் கழற்றி எடுத்துக்கொண்ட வில்லை மாத்திரம், பழைய வேட்டித் துண்டொன்றிற் சுற்றப்பட்டு, எங்களோடு தென்மராட்சிக்கு வந்து எங்களோடு திரும்பியது.

அப்பாச்சியின் முகம் இன்று எங்களிடம் எந்தப் படத்திலும் இல்லை. முன் அறையில் தொங்கிய படம் எனக்கு நினைவிருக்கிறது. ஆயினும் அதில் அவர் எந்தப் பக்கமாக நின்றார் என்று கேட்டால் என்னாற் சொல்ல இயலாது. அம்மரத்தை அதே வில்லையாற் படம் பிடித்துக் கொண்டுவந்து சிறிய தந்தையாருக்குக் காட்டவேண்டுமென்பதே என் பயணத்தின் நோக்கம். எண்பதை நெருங்கும் அவராற் படகேற முடியாது.

உடல் இழந்த வில்லைக்கு வேறோர் உடல் எவ்வாறு கிடைத்தது என்பதை, முக்கியமாகப் பௌதிகவியல் பயிலும் மாணவர் பொருட்டு, இங்கே சிறிது விளக்குதல் தகும். ‘ஹீலியோஸ் 44-2’ என்பது இவ்வில்லையின் பெயர். ஜேர்மனியின் ஜெனா நகரிற் கார்ல் ஸைஸ் நிறுவனத்தார் வகுத்த ‘பயோற்றார்’ வில்லையின் அமைப்பைத் தழுவியது. ஆறு கண்ணாடிகள் கொண்டது. குவியத் தூரம் 58 மில்லிமீற்றர். ஒளித்துவாரத்தை முழுவதும் திறந்தால் எண் 2. அஃதாவது, 58 ஐ 2 ஆல் வகுக்க வரும் 29 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையினூடாக ஒளி நுழைகின்றது எனக் கொள்ளலாம். வில்லையின் பின்புறத்தில் 42 மில்லிமீற்றர் விட்டமுள்ள திருகு உண்டு. அதனைக் கமராவிற் போத்தல் மூடிபோலத் திருகிப் பூட்டவேண்டும்.

தொலைவிலுள்ள பொருள் தெளிவாக விழ வேண்டுமாயின், இத்திருகு வில்லைகளின் இருக்கைக்கும் பிலிமுக்குமிடையே 45.46 மில்லிமீற்றர் தூரம் இருத்தல் வேண்டும். கனன் கமராக்களில் அத்தூரம் 44 மில்லிமீற்றர். எனவே 1.46 மில்லிமீற்றர் தடிப்புள்ள உலோக வளையமொன்றை இடையில் வைத்தாற் கணக்குச் சரியாகிவிடுகின்றது. நிக்கோன் கமராக்களிலோ அத்தூரம் 46.5 மில்லிமீற்றர். அங்கே வில்லை ஏற்கெனவே வேண்டியதற்கு அப்பால் தள்ளியிருப்பதால், வெறும் வளையம் உதவாது. அருகிலுள்ளவை தெளியும், அடிவானம் தெளியாது. என் பழைய மாணவர் ஒருவர் புதிய கமரா வாங்கியபோது ஒதுக்கிவைத்த ‘கனன் 400டி’ என் கைக்கு வந்தது எங்கள் நற்பேறு.

ஆயினும் புதிய உடல் பழைய வில்லையை முற்றாக அறிந்துகொள்வதில்லை. ஒளித்துவார எண் தோன்ற வேண்டிய இடத்தில் இரு பூச்சியங்களே தோன்றுகின்றன. குவியப்படுத்துவதும் துவாரத்தைச் சுருக்குவதும் நம் விரல்களின் வேலை. வருகின்ற ஒளியை அளந்து ஷட்டரின் வேகத்தைக் கணிப்பது மட்டுமே கமராவின் வேலை. இவ்வில்லையில் துவாரத்துக்கென இரு வளையங்கள் உள. ஒன்றில் வேண்டிய எண்ணைக் குறித்துவைப்பது; மற்றதாற் துவாரத்தை முழுவதும் திறந்து, நல்ல வெளிச்சத்திற் குவியப்படுத்தி, பின்னர் குறித்த எண்வரை மூடுவது. “திற, பார், மூடு, அமத்து. இந்த நாலையும் மறந்துபோகாதே தம்பி” என்று புறப்படுமுன் சிறிய தந்தையார் சொல்லியனுப்பினார்.

கடற்றுளி படுமென்று படகிற் பையைத் திறக்கவேயில்லை. கரையில் இறங்கி முச்சக்கர வண்டியொன்றை அமர்த்திக்கொண்டேன். நெடுந்தீவின் அழகு முதலிற் கண்ணிற் படுவது அதன் வேலிகளில். சுண்ணமோ சீமெந்தோ இன்றி, முருகைக்கற்களை ஒன்றின்மேலொன்றாக அடுக்கிய மதில்கள் தெருவின் இருமருங்கும் ஓடுகின்றன. இடையிடையே பனைகள். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையும் அதே கல்லாலானதே. இன்று சிதைந்த சுவர்களாய் நிற்கின்றது. வெள்ளைக் கல்லில் நண்பகல் வெயில் பட்டுக் கண் கூசியது. அவ்வொளியில் வில்லையை முழுவதும் திறந்தால், ஷட்டரின் அதிகூடிய வேகமான நாலாயிரத்தில் ஒரு செக்கனும் போதாது, படம் வெளுத்துவிடும். சிறிய தந்தையாரின் ‘ஸெனிற்’றுக்கோ ஐந்நூறில் ஒரு செக்கனே எல்லை. அக்காலத்தில் அவர் இவ்வெயிலில் என்ன பாடுபட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டு, துவாரத்தை 8 வரை சுருக்கிக் கோட்டைச் சுவரைப் பிடித்தேன்.

தெற்கேயுள்ள வெளிகளிற் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டாக்காலியாய் மேய்கின்றன. தானியங்கிக் கமராவாயின் பத்துப் படங்களைப் படபடவென்று எடுத்திருப்பேன். இவ்வில்லைக்கு அது ஆகாது. ஒரு குதிரைக்குக் குவியப்படுத்தி முடிப்பதற்குள் அது இரண்டடி நகர்ந்துவிடும். ஆதலால் அது எங்கே வரும் என்று எண்ணி, அங்கிருந்த புற்றிடரொன்றிற் குவியத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அரை மணி நேரத்தில் மூன்று படங்களே கிடைத்தன. ஆனால் அந்த அரை மணி நேரமும் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டியை வெயிற் படாமற் தன் நிழலில் நிறுத்தும் தாயை அப்படித்தான் கண்டேன்.

பெருக்க மரத்தை அடைந்தபோது பிற்பகற் படகுக்கு அதிக நேரமில்லை. ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொண்டுவந்த இனமென்று சொல்வர். அடிமரத்தில் ஆள் நுழையத்தக்க பொந்து. பேரனுடன் மரம் பார்க்க வந்திருந்த மூதாட்டி ஒருவர் அதன் வாயிலருகே இளைப்பாறிக்கொண்டிருந்தார். படம் பிடிக்கலாமா என்று கேட்டேன்.

“என்னை ஏன் தம்பி எடுக்கிறியள்?”

காரணத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை; சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

ஆறடித் தூரத்தில் நின்று முகத்தைப் பிடித்தேன். சிறிய திரையில் நன்றாகவே இருந்தது. பெருப்பித்துப் பார்த்தபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. கண்கள் மங்கல், காதோரமும் சேலைக் கரையும் மட்டும் தெளிவு. 5.6 என்று எண்ணைக் குறித்துவைத்த யான், மற்ற வளையத்தைத் திருப்ப மறந்துவிட்டேன்! வில்லை முழுவதும் திறந்தே இருந்தது. அந்நிலையில் ஆறடித் தூரத்திற் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாணிற் பாதியுமில்லை. மூதாட்டி சற்றே அசைந்ததும் கண்கள் அதற்கு வெளியே போய்விட்டன. திறந்த துவாரத்துக்கேற்ற வேகத்தைக் கமரா சரியாகவே கணித்துக்கொண்டதால், படம் வெளுக்கவுமில்லை, கறுக்கவுமில்லை; எச்சரிக்கை ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு சொற்களில் மூன்றாவதை மறந்ததன் பயன் அது.

வண்டிக்காரர் நேரமாகிறதென்று கையசைத்தார். மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு, இம்முறை இருபதடி பின்வாங்கினேன். இக்கமராவின் உணரி பழைய பிலிமிலும் சிறியது. அதனால் 58 மில்லிமீற்றர் வில்லை ஏறக்குறைய 93 மில்லிமீற்றர் வில்லைபோலக் குறுகிய வெளியையே காட்டும். ஆளும் பொந்தும் அடங்க அவ்வளவு தூரம் வேண்டியிருந்தது. திறந்தேன், பார்த்தேன், மூடினேன், மூச்சை விட்டு அமத்தினேன். படகு புறப்படுவதற்குச் சற்று முன்னரே துறையை அடைந்தேன்.

அன்றிரவு படங்களைக் கணினித் திரையிற் பெரிதாக்கிச் சிறிய தந்தையார் முன் வைத்தேன். கோட்டையைப் பார்த்தார். குதிரைகளைப் பார்த்து, “மூண்டுதானோ?” என்று சிரித்தார். மரத்தின் படம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார். வானத்து வெளிச்சம் வில்லையிற் பட்டுப் படத்தின் மேற்பகுதியில் மெல்லிய வெண்மை படர்ந்திருந்தது. அக்கால வில்லைகளின் இயல்பு அது. “முந்தியும் இப்படித்தான் வரும்” என்றார்.

பின்னர் நடுங்கும் விரலைத் திரையருகே கொண்டுபோய், மூதாட்டி நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை, பொந்து வாயிலின் இடப்புறத்தைத் தொட்டார்.

“அம்மா இந்தப் பக்கமாய் நிண்டவ. உன்னைத் தூக்கி வைச்சிருந்தவ.”

அப்பாச்சியின் கையில் யான் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. படத்தை இரண்டு பிரதிகள் அச்சிடுவித்தேன். ஒன்று எங்கள் முன் அறையில் இருக்கின்றது. மற்றதைக் குறிகாட்டுவானிற் படகோட்டி ஒருவரிடம் கொடுத்து அந்த மூதாட்டிக்கு அனுப்பிவைத்தேன்.