லயன் அறையும் தனிவீடும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வீதி வழியே சென்றால், மயானத்தையும் மாத்தளைப் பாதையின் புகையிரதச் சுரங்கத்தையும் அண்டிக் கிடக்கிறது மஹய்யாவ. என் தங்கை குடும்பத்தின் வாசம் அங்கேதான். நாற்பது வருடங்கள் பத்திரிகைத் தொழிலில் உழன்று ஓய்வு பெற்றவன் நான். மாதத்தில் ஒரு தடவையேனும் அந்த வீட்டு விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்தாவிட்டால் எனக்கு ஏதோ குறை போலிருக்கும். 2023 ஆம் ஆண்டு அவ்வாறு சென்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகன் ஒரு யோசனை கேட்டான்.

"மாமா, முகில் வழங்கி வாடகைக்கு விடப் போறேன். ரூபாய்க் கணக்கில. வருவாங்களா?"

கேள்வியின் காரணம் விளங்கியது. 2022 மார்ச்சில் டொலர் ஒன்று 200 ரூபாயளவில் நின்றது. இரண்டே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வெளிநாட்டுக்குப் பணம் செலுத்த வங்கி அட்டைகள் மறுத்தன. நான் அறிந்த ஒரு வாசிகசாலையின் இணையத்தளமும் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் தளமும் அந்த மாதங்களில்தான் அணைந்துபோயின. வாடகை ஆண்டுக்கு நாற்பது ஐம்பது டொலர்தான். அதைக் கட்ட வழி இருக்கவில்லை.

மருமகன் பாவித்த வழங்கிகள் இரண்டை வாங்கியிருந்தான். ஒவ்வொன்றிலும் 64 ஜிபி நினைவகம். கொழும்பில் ஒரு தரவு மையத்தில் மாத வாடகைக்கு வைப்பதாகத் திட்டம். ஒரு பொறியைப் பல பொறிகளாகக் காட்டும் மெய்நிகராக்க நுட்பங்களில் எதைத் தெரிவது என்பதில்தான் இழுபறி.

இந்த வித்தை புதிதன்று. ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்கு 1972 இலேயே இதை விற்றது. நமது மேசைக் கணினிகளின் சில்லுகள் இதை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டவையல்ல. அந்தக் குறையை மென்பொருள் சாமர்த்தியத்தால் வென்ற விஎம்வேர், 2023 நவம்பரில் புரோட்கொம் வசமாகி, நிரந்தர உரிமங்களை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. ஏழைக்கு அது எட்டாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003 இல் வெளிவந்த சென், அமேசனின் முகிலையே தொடக்கத்தில் தாங்கியது. பின்னர் 2005 இல் இன்டெல்லும் மறுவருடம் ஏஎம்டியும் சில்லிலேயே இந்த வசதியைச் சேர்த்தன. அதைப் பயன்படுத்தி எழுதப்பட்ட கேவிஎம் 2007 பெப்ரவரியில் லினக்ஸின் உள்ளேயே சேர்ந்தது. 2017 இல் அமேசனும் தன் புதிய பொறிகளை அதன் அடிப்படைக்கு மாற்றத் தொடங்கியது.

மற்றொரு வழி கொள்கலன். ஓப்பன் வீஇசட் என்று 2005 இல் வந்தது. அதன் இளைய உறவு எல்எக்ஸ்சி. வியன்னாவில் ஆக்கப்படும் புரொக்ஸ்மொக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கேவிஎம், எல்எக்ஸ்சி இரண்டும் உண்டு. ஆகவே மருமகனுக்கு எதை அழுத்துவது என்பதுதான் தீர்மானம். அவன் மனம் எல்எக்ஸ்சியில் நின்றது.

வேறுபாட்டை அவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவன்தான் எனக்குச் சொன்னான். எனக்கு விளங்கியதோ அவன் வீட்டுக்குக் கீழேயிருந்த லயன்களைப் பார்த்துத்தான். தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மாநகர சபைத் துப்புரவுத் தொழிலாளரின் சந்ததியினர் வாழும் பகுதி அது. நிருபராக அங்கே பல தடவை போயிருக்கிறேன். நீண்ட ஒரே கட்டிடம், ஒரே கூரை, ஒரே குழாய். ஒருவர் அடுப்பு மூட்டினால் அடுத்த அறையில் கண் எரியும். கொள்கலனும் அப்படித்தான். எல்லாக் குடித்தனங்களுக்கும் லினக்ஸின் கருவாகிய கேர்னல் ஒன்றே. அதில் ஓட்டை விழுந்தால் எல்லோர் தலையிலும் நனையும். 2016 இல் வெளிப்பட்ட 'டேர்ட்டி கௌ' என்ற குறைபாடு அத்தகையது. கேவிஎம்மில் ஒவ்வொருவருக்கும் தனிக் கேர்னல். தனிவீடு, தனிச்சுவர். நிலம் மாத்திரம் பொது.

ஆயினும் தனிவீட்டுக்கு இடம் வேண்டும். மருமகன் கணக்குப் போட்டுக் காட்டினான். ஆளுக்கு 2 ஜிபி என்றால் ஒரு வழங்கியில் கேவிஎம் முறையில் 28 பேர். எல்எக்ஸ்சியில் அதே 2 ஜிபியை வாக்களித்து 80 பேரைக்கூட அமர்த்தலாம். சிறு தளங்கள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டுதானே இருக்கின்றன! 600 ரூபாய்க்கு 80 பேர், 1,500 ரூபாய்க்கு 28 பேர். வாசிகசாலைக்கு எது கட்டுப்படியாகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் என் கதையைச் சொன்னேன். 2009 இல் என் பத்திகளை ஏற்றிவைக்க ஒரு மலிவு வழங்கியை வாடகைக்கு எடுத்தேன். ஓப்பன் வீஇசட் என்பதெல்லாம் அப்போது தெரியாது. இரவில் தரவுத்தளம் செத்துப்போகும். காலையில் எழுதிக் கேட்டால், உமது தளம் அதிகம் தின்கிறது என்பார்கள். தெரிந்த ஒரு பொறியியலாளர் பார்த்துவிட்டு, அயலார் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டால் இருக்கும் நினைவகம் போதாது, அப்போது யாராவது ஒருவரின் செயலி கொல்லப்படும் என்றார். அந்த ஒருவர் பெரும்பாலும் நானாக இருந்தேன். ஒரு நாள் அந்த நிறுவனமே காணாமற் போயிற்று. 400 க்கு மேற்பட்ட பத்திகள். வீட்டில் பிரதி வைக்காதது என் மடமை, மறுக்கவில்லை.

"கேவிஎம்லயும் இல்லாததை விற்கலாம் மாமா" என்றான் மருமகன். உண்மைதான். ஒரே மாதிரியான நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கிச் சேமிக்கும் வசதி அதிலும் உண்டு. ஆனால் அங்கே வாக்களித்ததை மீறிக்கொண்டு போனால் வழங்கி முழுவதும் இழுத்துப்பறிக்கும், விற்றவனுக்கே முதலில் வலிக்கும். கொள்கலனில் வலி குடியிருப்பவனுக்கு. எனக்கு வேண்டியிருந்தது அந்த வித்தியாசம்.

அன்று முடிவாகவில்லை. ஓகஸ்டில் இலங்கை அரச முகிலைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. காப்புப்பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டது. மருமகன் அந்தச் செய்தியைப் பலமுறை வாசித்தான். அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்து, இரண்டாவது வழங்கியில் ஆட்களை அமர்த்துவதில்லை, அதைக் காப்புப்பிரதிக்கு மட்டும் வேறிடத்தில் வைக்கிறேன் என்றான். முதலாவதில் கேவிஎம். வருமானம் பாதியாகிவிடும் என்று தங்கை என்னைத்தான் ஏசினாள்.

இன்று அவனிடம் இருப்பது 19 குடித்தனம், 28 நிரம்பவில்லை. வாசிகசாலைக்காரர் 1,500 கட்டமுடியாதென்று 1 ஜிபியில் 800 க்கு இருக்கிறார்கள். ஒரு குடித்தனம் என்னுடையது. உறவென்று கழிவு கிடையாது. கத்தரித்து வைத்திருந்த துண்டுகளிலிருந்து இதுவரை 112 பத்திகளைத் தட்டச்சுச் செய்து ஏற்றியிருக்கிறேன். மீதிக்குக் கொழும்புச் சுவடிகள் திணைக்களத்துக்குத்தான் போகவேண்டும். முழங்கால் வலி குறைந்ததும் புறப்படுகிறேன்.